சார்ஜ் எங்கே போகிறது?



நான் குடியிருப்பது இராயபுரத்தை அடுத்த கல்மண்டபத்தில். எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு மீனவர் குடும்பம் இருக்கிறது. அவர் விடியற்காலை 3 மணிக்குப் புறப்பட்டுக் காசிமேட்டிலிருந்து பைபர் படகில் கடலுக்குப் போய், காலை 10 மணி அளவில் வீடு திரும்புவார். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். ஒரு நாள் மாலை அந்தப் பெண் அழாத குறையாக என்னிடம் வந்தாள்.

"சார், நேத்து ராத்திரி அப்பா போன்ல அப்டேட் வந்துச்சு. நான்தான் அமுக்கினேன். இன்னிக்குக் கடல்ல போன் ஆஃப் ஆயிடுச்சாம். பேட்டரிய கெடுத்துட்டன்னு திட்றாரு. நாளைக்குப் புது பேட்டரி போடக் கடைக்கு எடுத்துனு போறாராம். நான் அமுக்கினதாலதான் கெட்டுச்சா சார்?"

படகில் போகிறவருக்குக் கைப்பேசி பொழுதுபோக்குக் கருவி அல்ல. இயந்திரம் நின்றுவிட்டால் கரைக்குச் செய்தி சொல்வது அதுதான். இருக்கும் இடத்தைக் காட்டுவதும் அதுதான். ஆகவே அவருடைய கோபம் நியாயமானதே. ஆனால் நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்கலாமா? "நாலு நாள் பொறுங்கள், அண்ணே. அளந்து பார்த்துச் சொல்கிறோம்" என்று கேட்டுக்கொண்டேன். அவரும் அரை மனத்தோடு ஒப்புக்கொண்டார்.

நாங்கள் எப்படி அளந்தோம், என்ன கண்டோம் என்பதைச் சொல்லுமுன், கைப்பேசிக்குள் இருக்கும் மின்கலத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

பெட்டிக்குள் எவ்வளவு ஆற்றல்?

அந்தக் கைப்பேசியின் மின்கலம் 5000 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ளது. அதாவது 5 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தரவல்லது. சராசரி மின்னழுத்தம் 3.85 வோல்ட் என்று கொண்டால், 5-ஐ 3.85-ஆல் பெருக்க 19.25 வாட் மணி வருகிறது. இது 69,300 ஜூல். பெரிய எண்ணாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் உங்கள் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் மின்சாரம் 36 இலட்சம் ஜூல். இழப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு யூனிட்டில் இந்தக் கைப்பேசியை ஏறக்குறைய 40 முறை முழுதாகச் சார்ஜ் செய்யலாம்.

இம்மின்கலம் லித்தியம் அயனி வகையைச் சேர்ந்தது. சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு மின்வாயை விட்டுக் கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுகின்றன. பயன்படுத்தும்போது மீண்டும் பழைய இடத்துக்கே திரும்புகின்றன. 1991-இல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிகோலிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவரும் 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மாடித் தொட்டியும் விழுக்காடும்

கைப்பேசித் திரையின் மூலையில் 100, 80, 43 என்று ஓர் எண் தெரிகிறதே, அது எப்படிக் கிடைக்கிறது?

உங்கள் வீட்டு மாடியில் கருப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருப்பதாகக் கொள்ளுங்கள். மேலே ஏறி மூடியைத் திறந்து பார்க்க வழியில்லை. மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை குடம் எடுத்தோம் என்று எழுதி வைத்துக்கொண்டே போனால், உள்ளே மீதி எவ்வளவு என்று சொல்லிவிடலாம். கைப்பேசியும் இதையே செய்கிறது. மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் மிகச் சிறிய ஒரு மின்தடையின் வழியே செல்கிறது. அது 0.01 ஓம் என்று கொள்வோம். 150 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் அதன் இரு முனைகளுக்கிடையே 1.5 மில்லி வோல்ட் தோன்றும். நீங்கள் படித்த ஓம் விதிதான்! இந்தச் சிறு மின்னழுத்தத்தை ஒரு சில்லு இடைவிடாமல் அளந்து, நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வருகிறது.

ஆகவே அந்த எண் நேரடி அளவு அல்ல; ஒரு கணக்கின் விடை. இதை நினைவில் வையுங்கள். எண் வேகமாக இறங்கினால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஆற்றல் உண்மையிலேயே கூடுதலாகச் செலவாகிறது. இரண்டு, கணக்கு மாறிவிட்டது. மூன்று, தொட்டியே சுருங்கிவிட்டது. மென்பொருள் புதுப்பிப்பு, அதாவது அப்டேட், இம்மூன்றில் எதையும் செய்யக்கூடும்.

நாங்கள் அளந்த நான்கு இரவுகள்

கைப்பேசியை மாலை 7 மணிக்கு 100 விழுக்காடு ஏற்றிக் கழற்றி வைப்பது, யாரும் தொடக்கூடாது, விடியற்காலை 3 மணிக்கு அவர் புறப்படும்போது எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும், மகள் அதை நோட்டில் குறிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

முதல் இரவு எட்டு மணி நேரத்தில் 29 விழுக்காடு இறங்கியது. அதாவது 1450 மில்லி ஆம்பியர் மணி. எட்டால் வகுத்தால் சராசரி மின்னோட்டம் 181 மில்லி ஆம்பியர். தூங்கும் கைப்பேசிக்கு இது மிக அதிகம்.

இரண்டாம் இரவு ஃபிளைட் மோடில் வைத்தோம். 3 விழுக்காடுதான் இறங்கியது. சராசரி 19 மில்லி ஆம்பியர். ஆகவே மின்கலம் ஒழுகவில்லை!

மூன்றாம் இரவு மீண்டும் சாதாரண நிலை. இப்போது 6 விழுக்காடு. நான்காம் இரவும் ஏறக்குறைய அதேதான். கைப்பேசி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

இதன் விளக்கம் என்ன? புதுப்பிப்பு முடிந்து திரை பளிச்சென்று வந்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அப்போதுதான் பாதி வேலை தொடங்குகிறது. கைப்பேசியில் உள்ள செயலிகளைப் புதிய மென்பொருளுக்கு ஏற்பத் திருத்தி அமைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான புகைப்படங்களுக்குப் புதிதாக அட்டவணை போட வேண்டும். செயலிகளின் புதிய வடிவங்களை இறக்க வேண்டும். வீடு மாறிய மறுநாள் பாத்திரம் பண்டங்களை அடுக்குவது போலத்தான்! ஓரிரு நாளில் இது முடிந்துவிடும். அதுவரை கைப்பேசி தூங்குவதில்லை.

கடலில் நடந்தது

அப்படியானால் முதல் நாள் கடலில் அணைந்தது ஏன்? நான்கு நாளும் அவர் திரும்பி வந்தபோது இருந்த எண்ணையும் மகள் குறித்து வைத்திருந்தாள். மூன்றாம் இரவுக்குப் பின் 94-உடன் போனவர் 38-உடன் வந்தார். ஏழு மணி நேரத்தில் 56 விழுக்காடு. சராசரி 400 மில்லி ஆம்பியர். புதுப்பிப்பு வேலை முடிந்த பிறகும் இது குறையவில்லை. ஆகவே இது வேறொரு துளை.

கரையிலிருந்து விலகிப் போகப் போகக் கோபுரத்தின் அலைகள் நலிவடைகின்றன. கைப்பேசியோ விடாமல் கோபுரத்தைத் தேடுகிறது. இருக்கும் திறன் முழுவதையும் செலுத்திக் கூப்பிடுகிறது. பக்கத்தில் நிற்பவரிடம் மெதுவாகப் பேசுகிறோம். துறைமுகத்தின் மறுகரையில் நிற்பவரைத் தொண்டை கிழியக் கத்தி அழைக்கிறோம் அல்லவா? போதாக்குறைக்கு வெயிலில் திரையும் முழு வெளிச்சத்தில் எரிகிறது.

இப்போது கூட்டிப் பாருங்கள். அப்டேட் போட்ட அன்று விடியற்காலையில் கைப்பேசியில் ஐம்பது சொச்சம் இருந்ததாக அவர் நினைவுகூர்ந்தார். கடலில் வழக்கமாகச் செலவாவது 56. அணையாமல் என்ன செய்யும்? முன்பெல்லாம் கிட்டத்தட்ட முழுச் சார்ஜோடு போனதால் கடலின் செலவு அவர் கண்ணில் படவில்லை. மகள் அமுக்கியதும் ஒரு காரணம்தான். ஆனால் பேட்டரி கெடவில்லை.

அலைகள் எட்டாத தூரத்தில் ஃபிளைட் மோடில் வைக்கும்படி சொன்னேன். இடங்காட்டும் ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும்; ஏனெனில் அது 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள்களிலிருந்து வரும் அலைகளை ஏற்கிறதே தவிர எதையும் அனுப்புவதில்லை. மறுநாள் 93-உடன் போனவர் 79-உடன் திரும்பினார். ஆனால் அந்த நிலையில் கரையிலிருந்து யாரும் அழைக்க முடியாது. எனவே குறித்த நேரங்களில் அதை நீக்கி வீட்டுக்குப் பேசுவதென்று ஏற்பாடு செய்துகொண்டார். புது பேட்டரிக்கென எடுத்து வைத்த பணம் பெட்டிக்குள் திரும்பிப் போனது.

புதுப்பிப்பே தொட்டியைச் சுருக்கினால்?

அவசரப்பட்டு "அப்டேட் எப்போதும் குற்றமற்றது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மின்கலத்தைக் காக்க வேண்டி மென்பொருளே கைப்பேசியின் திறனைக் குறைத்ததும் உண்டு.

மின்கலத்துக்கு அக மின்தடை உண்டென்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மின்னியக்கு விசை 3.7 வோல்ட், அக மின்தடை 0.1 ஓம், கைப்பேசி கேட்பது 3 ஆம்பியர் என்று கொள்வோம். உள்ளேயே 0.3 வோல்ட் இழந்து 3.4 வோல்ட் வெளியே வரும். மின்கலம் முதுமையடைந்து அக மின்தடை 0.25 ஓம் ஆகிவிட்டால் 0.75 வோல்ட் போய் 2.95 வோல்ட்தான் மிஞ்சும். சுமார் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கருவி திடீரென்று அணைந்துவிடும். திரையில் 30 விழுக்காடு இருந்தாலும் சரி! இதைத் தடுக்க ஒரு வழி, 3 ஆம்பியருக்குப் பதில் 2 ஆம்பியருக்கு மேல் கேட்காதபடி கைப்பேசியின் வேகத்தைக் குறைப்பது. அப்போது 3.2 வோல்ட் கிடைக்கும்.

2017 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 10.2.1 என்ற புதுப்பிப்பின் மூலம் பழைய மின்கலம் கொண்ட ஐபோன்களில் இதைத்தான் செய்தது. இயற்பியல்படி அது சரியான வழியே. ஆனால் வேகம் குறைவதைப் பயன்படுத்துவோரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் செய்தி வெளிப்பட்டதும் எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 28 அன்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3-இல் மின்கலத்தின் நலத்தைக் காட்டும் பக்கம் சேர்க்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் நாடு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. வேகத்தைக் குறைத்ததற்காக அல்ல, அதை மக்களுக்குத் தெரிவிக்காததற்காக!

2025 ஜனவரியில் கூகுள் நிறுவனம் பிக்சல் 4ஏ கைப்பேசிகளுக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. அதன்பின் அவற்றுள் ஒரு பகுதியில் சார்ஜ் முன்போல் நிற்கவில்லை. மென்பொருளைப் பிரித்துப் பார்த்தவர்கள், சார்ஜ் ஏற்றும் உச்ச மின்னழுத்தம் 4.45-லிருந்து 3.95 வோல்ட்டாகக் குறைக்கப்பட்டதைக் கண்டனர். தொட்டியின் பாதிக்கு மேல் நீரேற விடாமல் மோட்டாரை நிறுத்துவது போன்றது இது. மின்கலம் மிகையாகச் சூடாகும் அபாயத்தைக் குறைப்பதே நோக்கம் என்பது ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையத்தின் அறிவிப்பிலிருந்து தெரிந்தது.

அந்த அபாயம் கற்பனை அல்ல. 2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து நம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலுள்ள தட்டில் வைத்திருந்த சாம்சங் நோட் 2 கைப்பேசி புகைந்தது. விமான ஊழியர்கள் தீயணைப்பானைப் பயன்படுத்தி, கருவியை நீருள்ள கலத்தில் போட்டனர். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. 69,000 ஜூல் ஆற்றல் ஒரு நாளில் சிறிது சிறிதாக வெளிவந்தால் விளக்கு. சில நொடிகளில் வெளிவந்தால் நெருப்பு. ஆகவே உப்பிய மின்கலத்தைத் தொட்டு அழுத்தாதீர்கள். தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். விலை குறைவென்று ஊர் பேர் தெரியாத மின்கலத்தை வாங்காதீர்கள். அதே போல, சார்ஜ் இறங்குகிறதே என்று அப்டேட்டை அடியோடு மறுத்துவிடவும் கூடாது. பாதுகாப்புக் குறைகளை அடைப்பதும் அதுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுக் கைப்பேசியின் மின்கல அளவை முதலில் அறிந்துகொள்ளுங்கள். மூன்று இரவுகள், எட்டெட்டு மணி நேரம், நாங்கள் செய்தது போல அளவெடுங்கள்: முதலில் சாதாரண நிலை, பிறகு ஃபிளைட் மோடு, பிறகு மீண்டும் சாதாரண நிலை. இறங்கிய விழுக்காட்டை மில்லி ஆம்பியர் மணியாக மாற்றி எட்டால் வகுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஃபிளைட் மோடிலும் வேகமாக இறங்கினால் மின்கலத்தையோ கருவியையோ சந்தேகிக்கலாம். சாதாரண நிலையில் மட்டும் இறங்கினால், அமைப்புகளில் உள்ள பேட்டரிப் பக்கத்தைத் திறந்து எந்தச் செயலி விழித்திருக்கிறது என்று பாருங்கள். அப்டேட்டுக்குப் பின் ஒரு வாரமாகியும் நிலை மாறாவிட்டால், அந்த நோட்டுடன் பழுது பார்ப்பவரிடம் செல்லுங்கள்.

அந்த மாணவியின் நோட்டு இன்னும் தொடர்கிறது. வெயில் நாட்களில் சார்ஜ் கூடுதலாக இறங்குகிறதா என்று இப்போது அளந்துகொண்டிருக்கிறாள். "காரைக்குடியில மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்குதாமே, அங்க படிக்க முடியுமா சார்?" என்று அன்று கேட்டாள். 1953 முதல் அங்கே மின்கலங்களை ஆராய்ந்து வருகிறார்கள் என்று சொன்னேன். உங்கள் அளவுகளையும் அட்டவணையாக்கி ஆசிரியருக்கு எழுதுங்கள். ஊர், கைப்பேசியின் வயது, மின்கல அளவு ஆகியவற்றைக் குறிப்பிட மறக்காதீர்கள்.