பங்குனியில் பனி எங்கே?

ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தனர் நம் முன்னோர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இதைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாதவர் இல்லை. ஆனால் பங்குனி மாதத்தில் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பனி எங்கே? வெயிலல்லவா கொளுத்துகிறது! முன்னோர் தவறாகக் கணக்கிட்டார்களா? அல்லது பருவம்தான் மாறிவிட்டதா?

இந்தக் கேள்விக்கு விடை காண, பனிக்கால விழாக்களை ஒருமுறை வரிசையாகப் பார்ப்பது நல்லது. ஏனெனில் விழா நாள்களைக் கணிக்கும் முறையிலேயே விடை ஒளிந்திருக்கிறது.

தை முதல் நாள் பொங்கல். மறுநாள் மாட்டுப் பொங்கல். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரை நெடுக ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பது அன்றுதான். பின்னர் தைப்பூசம், காவடிகள் புறப்படும். மாசியில் மகா சிவராத்திரி. அதையொட்டி வரும் அமாவாசையில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளை. மாசி மகத்தன்று நீர்த்துறைகளில் நீராட்டு. பங்குனியில் உத்திரம்.

இவற்றின் ஆங்கிலத் தேதிகளைக் கவனியுங்கள். பொங்கல் 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஜனவரி 15. 2025-இல் ஜனவரி 14. ஒரு நாளுக்கு மேல் வேறுபாடு இல்லை. ஆற்றுத் திருவிழாவும் அப்படியே, ஜனவரி 18 அல்லது 19. ஆனால் தைப்பூசமோ 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. ஒன்று நிலையாக நிற்கிறது, மற்றொன்று அலைகிறது. ஏன்?

ஒரு கடிகாரம், இரண்டு முட்கள்

ஊர் மந்தையிலுள்ள அரச மரத்தை ஒருமுறை வலம் வாருங்கள். மரம் நகர்வதில்லை. ஆனால் மரத்துக்கு அப்பால் தெரியும் காட்சி மாறிக்கொண்டே இருக்கும். முதலில் பள்ளிக்கூடம், பிறகு குளக்கரை, பிறகு கோயில் கோபுரம். பூமி சூரியனைச் சுற்றும்போதும் இதுவே நிகழ்கிறது. சூரியனுக்குப் பின்னால் உள்ள விண்மீன் கூட்டங்கள் மாதந்தோறும் மாறுகின்றன. அந்தப் பாதையைப் பன்னிரண்டு சம பங்குகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இராசிப் பெயர் இட்டனர். சூரியன் மகர இராசிக்குள் நுழையும் நாளே தை முதல் நாள். கும்பத்தில் நுழைந்தால் மாசி. மீனத்தில் நுழைந்தால் பங்குனி.

ஆகவே பொங்கலும் ஆற்றுத் திருவிழாவும் சூரியனை மட்டும் பார்த்து வைத்த நாள்கள். பூமி ஒரு சுற்று முடிக்க 365 நாளும் ஏறத்தாழ 6 மணியும் ஆகின்றன. ஆண்டுதோறும் அந்த ஆறு மணி சேருவதும், லீப் ஆண்டில் அது சரிக்கட்டப்படுவதுமே 14, 15 என்னும் தேதி ஊசலுக்குக் காரணம்.

தைப்பூசத்துக்கு இரண்டாவது முள்ளும் வேண்டும். அது சந்திரன். ஒரு முழுநிலாவுக்கும் அடுத்த முழுநிலாவுக்கும் இடையே 29½ நாள். பன்னிரண்டு முழுநிலாக்கள் 354 நாளில் முடிந்துவிடும்; சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. அதனால்தான் தைப்பூசம் ஓராண்டில் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வருகிறது. இப்படியே பின்வாங்கித் தை மாதத்தின் எல்லையைத் தாண்டும் நிலை வந்தால், அடுத்த முழுநிலா அதன் இடத்துக்கு வந்துவிடும். 2024-க்கும் 2025-க்கும் இடையே தேதி 17 நாள் முன்னேறியது இவ்வாறுதான்.

பெயரிலேயே முகவரி

தையில் ஏன் பூசம்? மாசியில் ஏன் மகம்? இதற்கும் காரணம் உண்டு.

முழுநிலா என்றால் என்ன? பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஒரு திசையிலும் சந்திரன் நேர் எதிர்த் திசையிலும் இருக்கும் நிலை. அதனால்தான் சூரியன் மறையும் வேளையில் முழுநிலா எழுகிறது. தையில் சூரியன் மகரத்தில் இருக்கிறது. மகரத்துக்கு நேர் எதிர் இராசி கடகம். அங்கேதான் பூச நட்சத்திரம் உள்ளது. மாசியில் சூரியன் கும்பத்தில், எதிரே சிம்மம், மகம் அங்கே. பங்குனியில் சூரியன் மீனத்தில், எதிரே கன்னி, உத்திரம் சிம்மத்தின் முடிவிலும் கன்னியின் தொடக்கத்திலுமாக உள்ளது.

எனவே விழாவின் பெயரே நிலவின் முகவரி. பகலில் சூரியனுக்குப் பின்னால் உள்ள விண்மீன்கள் நம் கண்ணுக்குத் தெரியமாட்டா. ஆனால் இரவில் முழுநிலா எந்த விண்மீன் அருகே நிற்கிறது என்று பார்த்தால், சூரியன் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தொலைநோக்கி இல்லாத காலத்தில் கண்ட அருமையான வழி இது! முழுநிலாவும் நட்சத்திரமும் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாக அமையும், முறை மாறுவதில்லை.

தலைக்கு நேர் மேலே

தைப்பூச நள்ளிரவில் வெளியே வந்து நில்லுங்கள். உங்கள் நிழல் காலடியிலேயே சுருங்கிக் கிடக்கும். பனிக்காலத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கிறது. அதற்கு நேர் எதிரே நிற்கும் முழுநிலா, கோடைச் சூரியன் செல்லும் உயர்ந்த பாதையில் செல்கிறது. பனிக்கால நிலா உச்சிக்கு ஏறிப் பளீரென்று ஒளிர்வது இதனால்தான்.

மாசி மகத்தில் இதைவிடச் சுவையான காட்சி ஒன்று உண்டு. மகம் என்று நாம் கூறும் ஒளிமிக்க விண்மீனை மேலை நாட்டார் ரெகுலஸ் என்பர். வான நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகை 51 கலையில் அது உள்ளது. கள்ளக்குறிச்சி நகரம் பூமியின் நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகை 44 கலையில் உள்ளது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. அதாவது, மக விண்மீன் நாள்தோறும் கள்ளக்குறிச்சி மக்களின் தலைக்கு நேர் மேலே கடந்து செல்கிறது! சென்னையில் அது உச்சிக்குச் சற்றுத் தெற்கே செல்லும். கன்னியாகுமரியில் வடக்கே செல்லும். மாசி மகத்தன்று நள்ளிரவை ஒட்டி இது நிகழும். ஒரு கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டே பார்க்கலாம். முழுநிலாவும் அதே பகுதியில்தான் நிற்கும்.

மலையில் ஒரு நிலவில்லா இரவு

மாசி மகம் ஒளி நிறைந்த இரவு என்றால், மகா சிவராத்திரி இருள் நிறைந்த இரவு. தேய்பிறைச் சதுர்த்தசியில் சந்திரன் விடியலுக்குச் சற்று முன்னர்தான், மெல்லிய பிறையாக எழும். இரவு முழுவதும் கண்விழிக்கும் விழா, விண்மீன்களைக் காண மிகவும் ஏற்ற இரவாகவும் அமைந்துவிட்டது.

அன்று கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இருக்க நேர்ந்தால், வானம் சமவெளியில் பார்த்த வானமாகத் தோன்றாது. ஊர் விளக்குகளின் ஒளி குறைவு, தூசியும் குறைவு. இரவு எட்டரை மணி அளவில் தெற்கே நோக்குங்கள். வானில் மிகவும் ஒளிமிக்க விண்மீனான சிரியஸ் உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே, தெற்குத் தொடுவானுக்கு மேல் ஏறத்தாழ 25 பாகை உயரத்தில், ஒளியில் இரண்டாவதான அகத்திய விண்மீன் தெரியும். இதே விண்மீன் டெல்லியில் தொடுவானை ஒட்டித்தான் தெரியும். இலண்டனில் ஒருநாளும் எழாது.

மலையில் குளிருக்கு ஆயத்தமாகச் செல்ல வேண்டும். காற்று மேலே செல்லச் செல்ல விரிந்து குளிர்கிறது. ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 0.65 பாகை செல்சியஸ் குறையும். கள்ளக்குறிச்சியைவிட 700 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு சிற்றூரில் வெப்பநிலை ஏறத்தாழ 4½ பாகை குறைவாக இருக்கும்.

ஆனால் தெளிந்த பனி இரவுகளில் இந்த முறை தலைகீழாவதும் உண்டு. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு வீசிவிட்டு விரைவில் குளிர்கிறது. தரையைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டுத் தெருவில் இருப்பவரைவிடப் பள்ளத்து வயலில் இருப்பவர் அதிகம் நடுங்குவார். இத்தகைய விடியலில் கீழே குளிர்ந்த காற்றும் மேலே அதைவிட வெதுவெதுப்பான காற்றும் இருப்பதால், மூட்டிய புகை மேலே எழ முடியாமல் தாழ்வாகவே படர்ந்து நிற்கும். போகி விடியலில் பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவது ஏன் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

நழுவும் மாதங்கள்

இனி முதற் கேள்விக்கு வருவோம்.

தை முதல் நாளே உத்தராயணத் தொடக்கம், அதாவது சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்று கூறுவது வழக்கம். உண்மையில் சூரியன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். பொங்கலுக்குள் அது மூன்று வாரத்துக்கு மேல் வடக்கே நடந்துவிடுகிறது. ஆனால் ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நாளில்தான் நிகழ்ந்தன. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு!

வித்தியாசம் எவ்வாறு வந்தது? சுழலும் பம்பரம் வேகம் தளரும்போது அதன் தலை மெல்ல வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பூமியின் அச்சும் அவ்வாறே வட்டமிடுகிறது. ஒரு வட்டத்துக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு. இதனை அயனச் சலனம் என்பர். கிரேக்க அறிஞர் ஹிப்பார்க்கஸ் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டறிந்தார். கோடையும் குளிரும் அச்சின் சாய்வால் வருபவை. அச்சு திரும்பினால், சூரியன் எந்த விண்மீனருகே இருக்கும்போது குளிர்காலம் வரும் என்பதும் மாறும். பருவங்கள் ஒரு சுற்று வர ஆகும் காலம், விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டைவிட 20 நிமிடம் குறைவு. அந்த 20 நிமிடம் சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ 72 ஆண்டுகளில் ஒரு நாளாகிறது.

சான்று வேண்டுமா? சுவாமி விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்று மகர சங்கராந்தி. இன்று அதே சங்கராந்தி ஜனவரி 14-ஐ ஒட்டி வருகிறது. லீப் ஆண்டு ஏற்பாட்டுக்கும் இதில் சிறு பங்கு உண்டு; ஆனால் நகர்வு ஒரே திசையில் தொடர்ந்துகொண்டே இருக்கிறது.

இப்போது பங்குனியைப் பாருங்கள். இன்று அது மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிகிறது. 1,700 ஆண்டுகளுக்கு முன்பு சூரியனின் நிலையை வைத்துப் பார்த்தால், அது இன்றைய பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தொடங்கி மார்ச் 20-ஐ ஒட்டி முடிந்திருக்கும். அந்தப் பங்குனியின் தொடக்க வாரங்களில் விடியற்பனிக்கு இடம் உண்டு. முன்னோர் கணக்குத் தவறவில்லை. பெயர் விண்மீனோடு ஒட்டிக்கொண்டது, பனி பூமியின் அச்சோடு சென்றுவிட்டது.

இதை இப்படியே விட்டால் என்ன ஆகும்? தைப்பூச நிலா என்றும் பூசத்தருகேதான் நிற்கும்; மாசி நிலா மகத்தருகேதான் நிற்கும். வான அடையாளம் பொய்க்காது. ஆனால் இன்னும் நாலாயிரம் ஆண்டுகளில் பொங்கல் மார்ச் நடுவுக்கு வந்துவிடும். அறுவடைத் திருநாள் அறுவடையை விட்டு விலகிவிடும். குளிர்ந்த வறண்ட நாள்களில் வளர்ச்சி குறைந்து இனிப்பேறும் கரும்பு, நாட்காட்டிக்காகக் காத்திராது.

நாட்டிலுள்ள பல்வேறு பஞ்சாங்கங்களை ஆராய 1952-இல் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் புகழ்பெற்ற இயற்பியல் அறிஞர் மேக்நாத் சாகா. 1955-இல் குழு தன் அறிக்கையை அளித்தது. அதன்படி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டி, பருவங்களோடு ஒட்டிச் செல்லும் ஆண்டைக் கொண்டது. அரசிதழில் அந்தத் தேதியைக் காணலாம். எனினும் விழாக்கள் பெரும்பாலும் பழைய முறையிலேயே கணிக்கப்பட்டு வருகின்றன. விண்மீனோடு செல்வதா, பருவத்தோடு செல்வதா? இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள இயலாது. எதைத் தேர்ந்தாலும் காரணம் தெரிந்து தேர்வது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

டிசம்பர் 22 அன்று ஓரிடத்தில் நின்று, சூரியன் எந்த மரத்துக்கு அல்லது எந்தக் குன்றுக்கு மேலாக எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எழும் கணத்தில் மட்டும் பாருங்கள். ஏறிய சூரியனை வெறுங்கண்ணால் நோக்கக் கூடாது. பொங்கலன்று அதே இடத்தில் நின்று மீண்டும் குறியுங்கள். சூரியனின் அகலத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு தூரம் அது வடக்கே நகர்ந்திருக்கும். மாசி மகத்தன்று மக விண்மீன் உச்சியைக் கடக்கும் நேரத்தை எழுதுங்கள். சிவராத்திரியன்று அகத்தியத்தைத் தேடுங்கள். மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் பதிவு செய்து, அடுத்த ஆண்டும் அதே பக்கத்தில் தொடருங்கள்.