குறி தப்பும் துப்பாக்கி: கோளாறு எங்கே?

மரவள்ளியையும் வாழையையும் ஒரே ராத்திரியில் உழுதுபோடும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரம், கேரளாவில் 2022 மே மாதம் ஊராட்சித் தலைவர்களுக்கும் நகராட்சித் தலைவர்களுக்கும் வழங்கப்பட்டது. சுடுபவர் துப்பாக்கி உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். ஆனால், குறி தப்பி வயிற்றில் குண்டு வாங்கிய பன்றி ரப்பர் தோட்டத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டால், விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர் கதி என்ன? அதனால் வேட்டைக்கு முன்பே துப்பாக்கியைச் சோதித்துவிடுவது நல்லது.

உரிமதாரருக்குத் தோட்டா அளவாகத்தான் கிடைக்கும். எனவே, அனுமதி பெற்ற சுடுதளத்தில் 50 மீட்டரில் அட்டையை நட்டு, மணல்மூட்டை மேல் துப்பாக்கியைத் தாங்கி, நிதானமாக மூன்று தோட்டா சுட்டால் போதும். மூன்று ஓட்டையும் நெருக்கமாக விழுந்து, மையத்தைவிட்டு விலகியிருந்தால் துப்பாக்கியில் குறையில்லை. குறிமுள்ளைச் சரிசெய்தால் தீர்ந்தது. ஓட்டைகள் ஆளுக்கொரு திசையாகச் சிதறினால்தான் கோளாறு. அப்போது குறிமுள்ளைத் திருகிக்கொண்டே இருப்பது தோட்டாவுக்குத்தான் நஷ்டம்.

செலவில்லாத சோதனைகளை முதலில் பார்க்க வேண்டும். தோட்டா இல்லை என்று உறுதிசெய்துவிட்டு எல்லாத் திருகுகளையும் தொட்டுப் பார்க்கலாம். நம் நாட்டில் பலரிடம் இருக்கும் இஷாப்பூர் .315 ரைஃபிளில் பின்கட்டை தனி, முன்கட்டை தனி. பின்கட்டைக்குள் ஓடும் நீளமான போல்ட் தளர்ந்தால் கட்டை லேசாக ஆடும். தோளில் வைக்கும்போது அது தெரியாது, அட்டையில் தெரியும். முன்குறி ஆடுகிறதா, தொலைநோக்கி இருந்தால் அதன் வளையங்கள் இறுக்கமா என்பதும் முக்கியம்.

மழைக்காலத்துக் கோளாறு வேறு மாதிரி. ஈரம் குடித்த மரக்கட்டை உப்பி, குழலை ஒரு பக்கமாக நெட்டும். சுடச்சுடக் குழல் சூடேறி, குறி ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் சந்தேகம் இதன்மேல்தான். கட்டையைச் செதுக்கும் வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் விட்டுவிட வேண்டும்.

வருஷம் முழுக்க எண்ணெய் பூசி அலமாரியில் வைத்த துப்பாக்கியின் முதல் குண்டு தனியாக எங்கேயோ போகும். பன்றிக்கு விழுவதும் அந்த முதல் குண்டுதானே! சுடுவதற்கு முன் உலர்ந்த துணியைக் குழலுக்குள் விட்டு எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். குழலில் படிந்த செம்புக் கறையையும் நீக்க வேண்டும். துப்புரவுக் கம்பியைப் பின்பக்கம் வழியாகவே விட வேண்டும். முன்வாயில் உரசி விளிம்பில் சிறு பள்ளம் விழுந்தாலும் குண்டு வெளியேறும்போதே திசை மாறும்.

இத்தனையும் சரியாக இருந்தும் சிதறினால், சுடுபவரைத்தான் பார்க்க வேண்டும். சுடுதளத்தில் உதவியாளர், உண்மைத் தோட்டாவுக்கு நடுவே அவருக்குத் தெரியாமல் போலித் தோட்டாவைப் போட்டுக் கொடுப்பார். 'டிக்' என்ற சத்தத்தோடு துப்பாக்கி முனை கீழே குத்தினால், உதைப்புக்குப் பயந்து உடம்பு முன்கூட்டியே குலுங்குகிறது என்று அர்த்தம். அனுபவசாலிகளுக்கும் இது உண்டு. ஒத்துக்கொள்ளத்தான் மனசு வராது.

ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து மீண்டும் சுட்டால்தான் எது காரணம் என்று பிடிபடும்.

தமிழ்நாட்டு விவசாயிகள் கவனத்துக்கு: 2025 ஜனவரி அறிவிப்பின்படி, இங்கே காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர்தான் சுடலாம். விவசாயிகள் சுடக் கூடாது.