மலையும் வேண்டும், வீடும் வேண்டும்

இங்கிலாந்து என்றதும் நமக்குத் துரைமார் ஞாபகம்தான் வரும். அந்த நாட்டிலும் உழைக்கிற சனங்களுக்கு மலையில் கால் வைக்கத் தடை இருந்தது.

எடேல் என்ற சின்னக் கிராமத்துக்கு மேலே கிண்டர் ஸ்கவுட் மலை. பிரபுமார் பறவை வேட்டையாடிய இடம். 1932ம் ஆண்டு ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் தடையை மீறி ஏறினார்கள். காவலாளிகளோடு கைகலப்பு. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். கோரிக்கை ஓயவில்லை. 1949ல் சட்டம் வந்தது. 1951ல் பீக் டிஸ்ட்ரிக்ட், பிரித்தானியாவின் முதல் தேசியப் பூங்காவானது.

பூங்கா என்றதும் குடியிருந்தவர்களை எழுப்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எடேல் அதற்குள்ளேதான் இருக்கிறது. ஆடு, மாடு வளர்க்கிறார்கள். ஆனால் நினைத்த இடத்தில் வீடு கட்ட முடியாது. பூங்கா அதிகார சபையின் அனுமதி வேண்டும். அதனால்தான் பச்சை அழியவில்லை.

கஷ்டமும் அதிலேதான். வீடு குறைவு, வெளியூர்ப் பணக்காரர் வாங்குவதால் விலை அதிகம். ஊர்ப் பிள்ளைகள் வேறிடம் போகிறார்கள். ஆகவே, பெரும்பாலும் 10 வருஷமாவது அப்பகுதியில் இருந்தவர்களுக்கென்று, தாங்கக்கூடிய விலை வீடுகளுக்குச் சபை அனுமதி கொடுக்கிறது.

மலையைக் காக்கத்தான் வேண்டும். அங்கே பிறந்த பிள்ளைக்கும் ஒரு கூரை வேண்டுமே!