வால் நட்சத்திரத்துக்கு நாள் குறித்த பெண்மணி!

வால் நட்சத்திரம் தோன்றினால், "ராஜாவுக்கு ஆகாது, பஞ்சம் வரும்" என்று ஒரு காலத்தில் மக்கள் நடுங்கினார்கள். அந்த வால் நட்சத்திரத்துக்கே நாள் குறித்த மூவரில் ஒருவர் பெண். அவர் பெயர் நிக்கோல் ரேன் லெபோத்.

1723-ம் ஆண்டு பாரிஸ் நகரில், லக்சம்பர்க் அரண்மனையில் பிறந்தார். அந்த அரண்மனைக்குக் கெடிகாரம் செய்தவரே அவருடைய கணவர். கணவர் எழுதிய கெடிகார நூலுக்கு, ஊசல் ஆடும் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் இந்த அம்மையார்தான்.

எப்போது வரும்?

1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்தது ஒரே வால் நட்சத்திரம்தான். அது 1758 வாக்கில் திரும்பும் என்று இங்கிலாந்து விஞ்ஞானி ஹாலி சொல்லியிருந்தார். அதைப் பார்க்க அவர் இல்லை. 1742-ல் இறந்துவிட்டார்.

வரும், சரி. எந்த மாதம் வரும்? அதுதான் சிக்கல்! வியாழனும் சனியும் பெரிய கிரகங்கள். வால் நட்சத்திரத்தை அவை இழுக்கும். பயணம் தாமதப்படும். எவ்வளவு தாமதம்? 150 ஆண்டுப் பயணத்தையும் கணக்குப் போட வேண்டும். கம்ப்யூட்டரா இருந்தது? பேனாவும் காகிதமும்தான்!

கணக்குக்கு வழி சொன்னவர் க்ளேரோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. எண்களோடு மல்லுக்கட்டியவர்கள் லலாந்த் என்ற வானநூல் நிபுணரும் லெபோத் அம்மையாரும். ஆறு மாதம், காலை முதல் இரவு வரை! சில நாள் சாப்பிடும்போதுகூடக் கணக்குத்தான். லலாந்துக்கு உடம்பே கெட்டுவிட்டது.

1758 நவம்பரில் விடை கிடைத்தது. வியாழனால் 518 நாள், சனியால் 100 நாள், ஆக 618 நாள் தாமதம். 1759 ஏப்ரல் நடுவில் அது சூரியனை நெருங்கும் என்று அறிவித்தார்கள்.

அந்த டிசம்பர் 25-ந்தேதி, ஜெர்மனியில் டிரெஸ்டன் அருகே பாலிட்ஷ் என்ற விவசாயி அதை முதலில் கண்டார். மார்ச் 13-ந்தேதி சூரியனை நெருங்கியது. 150 ஆண்டுக் கணக்கில் பிசகு ஒரே மாதம்!

பெயர் எங்கே?

1760-ல் க்ளேரோ புத்தகம் வெளியிட்டார். அதில் அம்மையாரின் பெயரைக் காணோம்! ஆறு மாத உழைப்புக்கு ஒரு வரி நன்றிகூடவா இல்லை? லலாந்த் சும்மா இருக்கவில்லை. அந்த அம்மையார் இல்லாவிட்டால் இந்த வேலையில் இறங்கவே துணிந்திருக்கமாட்டோம் என்று எழுதிவைத்தார். நமக்கு விஷயம் தெரிந்தது அவரால்தான்.

அம்மையார் ஓய்ந்துவிடவில்லை. 1764 ஏப்ரல் 1-ந்தேதி சூரிய கிரகணம் ஐரோப்பாவில் எங்கெங்கே, எப்போது தெரியும் என்று கணக்கிட்டுப் படம் போட்டார். பிள்ளைகள் இல்லை, கணவரின் உறவுப் பையனுக்கு வானநூல் கற்பித்தார். பிற்காலத்தில் நோயுற்ற கணவருக்குப் பணிவிடை செய்தார். 1788-ல் காலமானார்.

சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு இப்போது அவர் பெயர் இருக்கிறது. அந்த வால் நட்சத்திரம் கடைசியாக வந்தது 1986-ல். அடுத்து 2061-ல் வரும். இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பார்க்கலாம்.