மென்பொருளுக்கும் வேண்டும் வயல்வெளிச் சோதனை

ஆவடிக்கு மேற்கே திரூரிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தை நம் வட்டார விவசாயப் பெருமக்கள் நன்கு அறிவர். டி.கே.எம். ரகங்கள் அங்கு உருவானவையே. அவற்றுள் டி.கே.எம். 6, புகழ்பெற்ற ஐ.ஆர். 20 ரகத்தின் பெற்றோர்களுள் ஒன்றாகும். நிலையத்தில் நன்கு விளைந்தது என்பதற்காக எந்த ரகத்தையும் உடனே வெளியிட்டுவிடுவதில்லை. விவசாயிகளின் வயல்களிலும் பயிரிட்டுப் பார்த்த பின்னரே வெளியிடுகின்றனர். நிலையத்து மண் வேறு, நம் மண் வேறு அன்றோ!

கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளுக்கும் இது பொருந்தும். லிப்ரே ஆபீஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களை எவரும் விலையின்றிப் பெறலாம். அவற்றின் மூல நிரலைப் படித்துத் திருத்தவும் செய்யலாம். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007இல் வெளிவந்த 'பாஸ்' இயங்குதளமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

லிப்ரே ஆபீஸின் புதிய பதிப்பு ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. அதற்கு முன்பே சோதனைப் பதிப்பு எல்லோருக்கும் கிடைக்கிறது. அதனை ஆக்குவோருள் தமிழ் அறியாதார் பலர். 'கொ' என்னும் எழுத்தின் கொம்பும் காலும் இடம் பிறழ்வதையும், பெயர்ப் பட்டியல் அகர வரிசை தவறுவதையும், 1,00,000 என்னும் தொகை 100,000 என அச்சாவதையும் நாமே எளிதில் காண்போம். வெளியீட்டுக்கு முன் தெரிவித்தால் திருத்த அவகாசம் உண்டு. வாளாவிருந்தால், அப்பிழை கிராம சபையில் வைக்கும் பயனாளிகள் பட்டியலில் வந்து நிற்கும். பெயர் சிதைந்த ஏழை அலைய நேரிடும்.

சோதிக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. ஊராட்சிக் கணக்குகள் உள்ள கணிப்பொறியில் சோதனைப் பதிப்பை ஏற்றலாகாது. வேறொரு கணிப்பொறியில், கோப்புகளின் நகலைக் கொண்டே சோதிக்க வேண்டும்.

2. அன்றாடம் செய்யும் வேலைகளையே அதில் செய்து பார்க்க வேண்டும். கடிதம் எழுதுவதும், வரவு செலவு கூட்டுவதும், அச்செடுப்பதுமே சிறந்த பரீட்சை.

3. பிழை கண்டால், என்ன செய்தோம், எதை எதிர்பார்த்தோம், என்ன நேர்ந்தது, எந்தப் பதிப்பு என்னும் நான்கையும் எழுதியனுப்ப வேண்டும். "சரியாக வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுவது, "பயிர் சரியில்லை" என்று வேளாண்மை அலுவலரிடம் கூறுவதை ஒக்கும். விதைத்த நாளும் இலையின் நிறமும் சொன்னாலன்றோ பரிகாரம் கூற இயலும்?

4. இத்தகைய அறிக்கைகளை எவரும் பார்க்கக்கூடும். ஆகவே உண்மையான பயனாளிகளின் பெயர், ஆதார் எண் முதலியவற்றை அனுப்பலாகாது.

அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அதற்காகத் தயங்க வேண்டியதில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கணிப்பொறிப் பணி புரியும் இளைஞர்கள் நம் பகுதியில் உள்ளனர். பிழையைக் கண்டு சொல்வது ஊராட்சியின் பங்காகவும், அதனை எழுதியனுப்புவது அவர்கள் பங்காகவும் அமையலாம். ஊராட்சி உறுப்பினர்கள் அவர்களை அழைத்து, திங்களுக்கு ஒரு மாலை இப்பணிக்கு ஒதுக்குவார்களாக.