ஒருபாலின இணையரும் குழந்தை வளர்ப்பும்: சட்டமும் ஷரீஅத்தும்

ஒருபாலின இணையர் குழந்தையைத் தத்தெடுக்கலாமா என்று கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் கேட்டால், "அதெல்லாம் ஹராம், பேசாதே" என்று வாயை அடைத்துவிடுகிறோம். மார்க்கத்தின் தீர்ப்பு ஒன்று, நாட்டுச் சட்டத்தின் நிலை வேறொன்று. இரண்டையும் அறிந்து பதில் சொல்வதே பிள்ளைக்கு நாம் செய்யும் நன்மை.

முதலில் சட்டம். வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் ஓரினச்சேர்க்கை உறவு குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் தண்டனை நீங்கியது. குடும்பம் என்ற அங்கீகாரம் கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று வெளியான சுப்ரியோ வழக்கின் தீர்ப்பில், திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டனர்.

தத்தெடுப்பில்தான் கருத்து பிளந்தது. இருவர் சேர்ந்து தத்தெடுக்க, குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான திருமண வாழ்வு வேண்டும் என்கின்றன 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகள். இது பாகுபாடு என்றனர் தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும். மற்ற மூவரும் விதி செல்லும் என்றனர். பிரிவு, ஜீவனாம்சம், பராமரிப்பு ஆகியவற்றில் குழந்தைக்குள்ள பாதுகாப்புகளைச் சட்டம் திருமணத்தோடு பிணைத்து வைத்திருக்கிறது என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம்.

எஞ்சியிருப்பது ஒரு வழி. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, தனி நபர் தத்தெடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தை தரப்படாது. ஆகவே இருவரில் ஒருவர் மட்டுமே பெற்றோர் ஆகிறார். கூடவே இருந்து வளர்க்கும் மற்றவர் சட்டத்தின் கண்ணில் அந்நியர். தத்தெடுத்தவர் இறந்துவிட்டால், குழந்தையைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தானாக உரிமை வராது. 2021ஆம் ஆண்டின் வாடகைத் தாய்ச் சட்டமும் மணமான ஆண், பெண் தம்பதிக்கும், குறிப்பிட்ட வயதுடைய விதவை, விவாகரத்தான பெண்ணுக்கும் மட்டுமே இடம் தருகிறது.

இனி ஷரீஅத். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் நடப்பதே நிகாஹ். அதற்கு வெளியிலான உறவை மார்க்கம் அனுமதிக்கவில்லை. இதில் நமக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் குழந்தை விஷயத்தில் மார்க்கம் கேட்கும் கேள்வி இன்னும் அகலமானது: இந்தக் குழந்தையின் நசப் யாருடையது? இதற்கு யார் பொறுப்பு? ஸைது இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் மகன் என்றே அழைக்கப்பட்டு வந்தார்கள். சூரா அஹ்ஸாபின் வசனங்கள் இறங்கியபின் சொந்தத் தந்தையின் பெயரால் அழைக்கப்பட்டார்கள். அன்பு மாறவில்லை, வமிசம் மட்டும் காக்கப்பட்டது.

இந்த வரம்பு பிறருக்கு மட்டுமானதல்ல, நமக்கும்தான். மணமாகிப் பல ஆண்டுகள் குழந்தையின்றித் தவிக்கும் முஸ்லிம் தம்பதியும் வேறொருவரின் விந்தணுவையோ கருமுட்டையையோ பெறுவதைப் பெரும்பான்மை சுன்னி உலமாக்கள் அனுமதிப்பதில்லை. 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில், எம்மதத்தவரும் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, கட்டாயப்படுத்தவில்லை. நமக்கு கஃபாலா இருக்கிறது: தந்தை பெயரை மாற்றாமல் பொறுப்பேற்று வளர்ப்பது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றத்தில் பாதுகாவலர் ஆகலாம். வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லை என்பதால், சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் எழுதி வைக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆனின் போதனை. அத்தகைய வீட்டில் வளரும் குழந்தை நம் பிள்ளையின் வகுப்பில் இருக்கலாம். அதைக் கேலி செய்ய நம் பிள்ளைக்கு உரிமை இல்லை. நம் வீட்டுப் பிள்ளையே தன் மனப் போராட்டத்தைச் சொல்லி அழுதால், அடித்து விரட்டுவது தீர்வல்ல. உட்கார வைத்துக் கேளுங்கள். ஹராமை ஹராம் என்று சொல்ல அநியாயம் தேவையில்லை.

பெற்றோர் இல்லாத குழந்தைகள் இல்லங்களில் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பொறுப்பேற்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.