அவசரக் கருத்தடை மாத்திரை: 72 மணி நேரத்திற்குள்

வளைகுடா நாட்டிலிருந்து கணவர் விடுப்பில் வந்திருக்கும் நாள்களில், லப்பைக்குடிக்காட்டிலிருந்து எம்மிடம் வரும் சகோதரியர் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு: "அந்த மாத்திரை கருவைக் கலைத்துவிடுமா?"

கலைக்காது. 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. கரு முன்னரே தங்கியிருந்தால் அதற்கு ஊறு செய்யாது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்திற்குள் உட்கொள்ள வேண்டும். முதல் நாளே எனில் நன்று. இரண்டு மணி நேரத்திற்குள் வாந்தியெடுத்தால் மீண்டும் ஒன்று தேவை. வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து உண்போர் அதனை மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றுள் சில இம்மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கும்.

இந்தியாவில் 2005 முதல் மருத்துவர் சீட்டின்றியே இது விற்கப்படலாம். ஆயினும் தமிழகத்து மருந்துக்கடைகள் பலவற்றில் கிடைப்பதில்லை. தடை உண்டெனப் பலர் நம்புகின்றனர். சட்டத் தடை ஏதுமில்லை. கடை கடையாக அலைந்து இரண்டு நாளை இழந்து வருவோரைக் காண எமக்கு வருத்தமே. நேரே மகப்பேறு மருத்துவரிடம் வாருங்கள். ஐந்து நாள்களுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்ளவும் இயலும். மாத்திரையைவிட அது உறுதியானது, பல ஆண்டுகள் காக்கும்.

மாத்திரைக்குப் பிந்தைய உறவுக்கு இது காப்பன்று. மாதவிலக்கு ஒரு வாரத்திற்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.